லெக்சிங்டன் ஊரின் குருமனை



அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் போனால் லெக்சிங்டன் என்னும் ஊர் வரும். அங்கே ஹான்காக் தெருவில் ஒரு பழைய மர வீடு நிற்கிறது. ஹான்காக்–கிளார்க் வீடு என்பது அதன் பெயர். அரசர் வாழ்ந்த மாளிகையும் இல்லை அது. தளபதி கட்டிய கோட்டையும் இல்லை. ஊர்ப் பாதிரியார்கள் இருவர், ஒருவருக்குப் பின் ஒருவராக, பிள்ளைகுட்டிகளோடு குடும்பம் நடத்திய குருமனை. அந்தக் குருமனையின் வரலாறே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

இந்த வரலாற்றுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது முதல் பகுதி. அமெரிக்கப் புரட்சியைப் பற்றிய நூல்களில் அதற்கு இடம் உண்டு. அந்த வீடு எப்படித் தப்பிப் பிழைத்தது என்பது இரண்டாம் பகுதி. அதைச் சொல்வோர் குறைவு. முதல் பகுதியில் வருபவர்கள் பெருந்தலைவர்கள். இரண்டாம் பகுதியில் வருபவர்கள் ஒரு சிற்றூரின் சாதாரணக் குடிமக்கள். ஆகவே இரண்டாம் பகுதிக்கும் உரிய இடம் கொடுத்தே இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

லெக்சிங்டன் தொடக்கத்தில் தனி ஊராக இருக்கவில்லை. பக்கத்திலுள்ள கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பண்ணை நிலமாகவே அது இருந்தது. வழிபாட்டுக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்ததால் மக்கள் தங்களுக்கென்று ஒரு சபையைக் கேட்டுப் பெற்றார்கள். 1713இல் அது தனி ஊரானது. மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் அந்தக் காலத்தில் சபையும் ஊரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. வழிபாடு நடந்த அதே கட்டடத்தில் ஊர்க்கூட்டமும் நடந்தது. பாதிரியார் சம்பளத்துக்கு ஊரே வரி கொடுத்தது. பிறப்பு, திருமணம், சாவு, வழக்கு, வாய்க்கால் தகராறு எதுவானாலும் பாதிரியார் வீட்டுக் கதவுதான் முதலில் தட்டப்பட்டது.

1698இல் அந்த ஊருக்குப் பாதிரியாராக வந்தவர் ஜான் ஹான்காக். 1752இல் இறக்கும்வரை 54 ஆண்டுகள் அதே ஊரில் அதே பணி. அந்தச் சபையில் ஆயர் என்னும் பதவியே கிடையாது. இருந்தும் அவருடைய செல்வாக்கைப் பார்த்து மக்கள் அவரை ‘ஆயர் ஹான்காக்’ என்றே அழைத்தார்கள். அவருடைய மூத்த மகன் ஜான் பாதிரியார் ஆனார். இன்னொரு மகன் தாமஸ், பாஸ்டனில் ஒரு புத்தக வணிகரிடம் வேலை பழகச் சேர்ந்து, பின்னாளில் அந்த நகரத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் ஆனார்.

1737ஆம் ஆண்டை நினைவில் நிறுத்துவது நல்லது. அந்த ஆண்டுவாக்கில் ஹான்காக் குடும்பத்தில் இரண்டு வீடுகள் எழுந்தன. ஒன்று, பாஸ்டனில் பீக்கன் குன்றின் மேல் தாமஸ் ஹான்காக் கட்டிய கருங்கல் மாளிகை. மற்றொன்று, லெக்சிங்டனில் தந்தைக்காக எழுந்த மர வீடு. ஒன்று கல்லால் ஆனது, மற்றது மரத்தால் ஆனது. ஒன்றில் நகரத்துச் செல்வம், மற்றதில் நாட்டுப்புறத்து எளிமை. இந்த இரண்டில் எது நிலைத்திருக்கும் என்று அன்று யாரிடம் கேட்டிருந்தாலும் என்ன பதில் வந்திருக்கும்? கல் வீடு என்றே எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

மர வீட்டின் அமைப்பு எளிமையானது. கனமான மரத்தூண்களையும் உத்தரங்களையும் துளையும் முளையுமாகப் பொருத்தி முதலில் ஒரு சட்டகத்தை நிறுத்துவார்கள். பிறகு வெளிப்புறத்தில் பலகைகளை ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மேல் படியும்படி அடித்து மூடுவார்கள். முன்பகுதி இரண்டு தளங்களும் அதற்கு மேல் கூரைக்கடியில் ஒரு பரணும் கொண்டது. பின்னால் ஒட்டி நிற்கும் பகுதி அதைவிடச் சிறியது, தாழ்வானது. அதன் கூரை ஒரே சரிவாக இறங்காமல் நடுவில் மடிந்து இரண்டு சரிவுகளாக இறங்கும். பனிக்காலம் கடுமையான நாடு என்பதால் அறைகளை வெதுவெதுப்பாக வைக்கும் கணப்பு அடுப்புகளே வீட்டின் உயிர்நாடி.

பாதிரியாரின் பேரன் ஒருவன் 1737இல் பிறந்தான். அவனுக்கும் ஜான் ஹான்காக் என்றே பெயர். 1744இல் அவனுடைய தந்தை இறந்துபோனார். ஏழு வயதுச் சிறுவன் தாத்தா பாட்டியிடம், லெக்சிங்டன் குருமனைக்கு வந்து சேர்ந்தான். பிறகு பிள்ளையில்லாத சித்தப்பா தாமசும் அவர் மனைவி லிடியாவும் அவனைத் தங்கள் மகனாகவே எடுத்து, பாஸ்டன் கல் மாளிகையில் வளர்த்தார்கள். சித்தப்பாவின் கப்பல்களும் வணிகமும் மாளிகையும் 1764இல் அவன் கைக்கு வந்தன. 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எல்லோருடைய கையெழுத்தையும்விடப் பெரிதாக நடுவில் ஒரு கையெழுத்து இருக்கிறதே, அதை இட்டவர் இந்தச் சிறுவன்தான். அவர் வாழ்ந்த வீடுகளில் இன்று மிஞ்சியிருப்பது லெக்சிங்டன் வீடு ஒன்றே.

ஆயர் ஹான்காக் மறைந்தபின் 1755இல் ஜோனஸ் கிளார்க் என்னும் இளைஞர் பாதிரியாராக வந்தார். முன்னவரின் பேத்தி லூசியை மணந்து இதே வீட்டில் குடியேறினார். இவர்களுக்குப் பிறந்த குழந்தைகளில் பன்னிரண்டு பேர் வளர்ந்து ஆளானார்கள். பன்னிரண்டு பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் எப்போதாவது அமைதி இருந்திருக்குமா? அந்தச் சந்தடிக்கு நடுவேதான் கிளார்க் தம் பிரசங்கங்களை எழுதினார். பிரசங்கங்களோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1765இல் முத்திரைத்தாள் வரியைப் போட்டபோதும், பிறகு தேயிலை வரி வந்தபோதும், லெக்சிங்டன் ஊர்க்கூட்டம் நிறைவேற்றிய கண்டனத் தீர்மானங்களை எழுதிக் கொடுத்தவர் அவரே.

அந்தத் தேயிலை யாருடையது? கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஆட்சி நடத்திய அதே கம்பெனி. 1773 டிசம்பர் 13 அன்று லெக்சிங்டன் மக்கள் தங்கள் வீடுகளிலிருந்த தேயிலையைக் கொண்டுவந்து குவித்துத் தீயிட்டார்கள். மூன்று நாள் கழித்துப் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. உலகம் பாஸ்டனை நினைவில் வைத்திருக்கிறது. லெக்சிங்டன் முந்திக்கொண்டது என்பதும் பதிவாக வேண்டிய செய்தி.

1775ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக்கு வருவோம். பாஸ்டன் நகரம் பிரிட்டிஷ் பட்டாளத்தின் பிடியில் இருந்தது. மாகாண மக்கள் தாங்களாகவே கூட்டிய பேரவை கான்கார்டு என்னும் ஊரில் கூடியது. அதன் தலைவர் ஜான் ஹான்காக். அவருக்குத் துணை, புரட்சியின் மூளை என்று சொல்லத்தக்க சாமுவேல் ஆடம்ஸ். இருவரும் பாஸ்டனுக்குத் திரும்பினால் கைது செய்யப்படலாம். எங்கே தங்குவது? ஹான்காக்குக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்த வீடு ஒன்று இருந்தது. பாதிரியாரின் மனைவியோ உறவுக்காரர். ஆக இருவரும் லெக்சிங்டன் குருமனைக்கு வந்து தங்கினார்கள். ஹான்காக்கை மணக்க இருந்த டாரதி குவின்சியும், அவரை வளர்த்த சித்தி லிடியாவும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். ஏற்கெனவே நிறைந்திருந்த வீடு இன்னும் நிறைந்தது.

ஏப்ரல் 18ஆம் நாள் இரவு. பிரிட்டிஷ் தளபதி கேஜ், ஏறத்தாழ 700 சிப்பாய்களைப் பாஸ்டனிலிருந்து புறப்படச் செய்தார். கான்கார்டில் மறைத்து வைத்திருந்த படைக்கலங்களை அழிப்பதே அவர் கொடுத்த கட்டளை. ஆனால் தலைவர்கள் இருவரையும் பிடிக்கத்தான் படை வருகிறது என்று ஊரார் அஞ்சினார்கள். மருத்துவர் ஜோசப் வாரன் இரண்டு பேரை இரண்டு வழியாக எச்சரிக்கை சொல்ல அனுப்பினார். ஒருவர் வெள்ளி வேலைக்காரர் பால் ரிவியர். மற்றவர் தோல் பதனிடும் தொழிலாளி வில்லியம் டாஸ். ரிவியர் படகில் ஆற்றைக் கடந்து, கடன் வாங்கிய குதிரையில் ஏறி, வழியெல்லாம் வீடு வீடாகச் செய்தி சொல்லிக்கொண்டே வந்தார். அவர் குருமனை வாசலை அடைந்தபோது ஏறக்குறைய நள்ளிரவு.

வாசலில் காவல் இருந்தவர் சார்ஜண்ட் வில்லியம் மன்றோ. அவரோடு ஊர்ப்படை ஆட்கள் சிலர். உள்ளே எல்லோரும் படுத்துவிட்டார்கள், சத்தம் போட வேண்டாம் என்று மன்றோ சொன்னார். சத்தமா, இன்னும் சற்று நேரத்தில் வேண்டிய அளவு சத்தம் கேட்கும், பட்டாளம் வந்துகொண்டிருக்கிறது என்ற கருத்தில் ரிவியர் பதில் சொன்னார். அந்தப் பேச்சை மன்றோ பிறகு வாக்குமூலமாகவே கொடுத்திருக்கிறார். அரை மணி நேரம் கழித்து டாசும் வந்து சேர்ந்தார். இருவரும் கான்கார்டு நோக்கிப் புறப்பட்டார்கள்.

வீட்டுக்குள் என்ன நடந்தது? ஹான்காக் தம் துப்பாக்கியையும் வாளையும் துடைக்கத் தொடங்கினார். ஊர்ப்படையோடு நின்று போரிடுவேன் என்பது அவர் பிடிவாதம். சண்டை போடுவது நம் வேலை இல்லை, ஆலோசனை மன்றம்தான் நம் இடம் என்று ஆடம்ஸ் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. விடியற்காலை நெருங்கும்வரை இந்த வாதம் நீண்டது. கடைசியில் இருவரும் வண்டியேறி வோபர்ன் பக்கமாகப் போனார்கள். ஹான்காக்கின் காகிதங்கள் நிறைந்த பெட்டி ஒன்று ஊர்த்திடலருகே பக்மன் விடுதியில் கிடந்தது. கான்கார்டு போகும் வழியில் பிடிபட்டு, குதிரையைப் பறிகொடுத்து, நடந்தே திரும்பிவந்த ரிவியரும் ஹான்காக்கின் எழுத்தர் லோவலும் அந்தப் பெட்டியைத் தூக்கிச் சென்று காப்பாற்றினார்கள். மாகாணத்தின் இரகசியங்கள் எல்லாம் அதில் இருந்தன.

சூரியன் எழும் நேரம். ஊர்த்திடலில் கேப்டன் ஜான் பார்க்கர் தலைமையில் எழுபதுக்குச் சற்று மேற்பட்ட ஊர்ப்படையினர் நின்றார்கள். உழவர்கள், கைவினைஞர்கள், தந்தையும் மகனுமாகச் சிலர். எதிரே பட்டாளம். முதல் குண்டை யார் சுட்டார் என்பது அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. புகை விலகியபோது ஊர்ப்படையில் எட்டுப் பேர் செத்துக் கிடந்தார்கள். பத்துப் பேர் காயப்பட்டிருந்தார்கள். அமெரிக்க விடுதலைப் போர் அந்தத் திடலில் தொடங்கியது. இவை அனைத்தும் குருமனைக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்தன.

கிளார்க் பாதிரியாரின் மகள்களில் ஒருத்தி எலிசபெத். அன்று அவள் சிறுமி. வயதான காலத்தில், 1841இல், உறவினர் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெரிய வரலாற்று நூல்களில் கிடைக்காதது அந்தக் கடிதத்தில் கிடைக்கிறது. இறந்தவர்கள் நான்கு பெரிய பலகைகளை ஆணியடித்துச் செய்த பெட்டிகளில் கிடத்தப்பட்டிருந்ததை அவர் பார்த்தார். ஜெபம் முடிந்து, குதிரை வண்டிகளில் ஏற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனதைப் பார்த்தார். குழியில் இறக்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மண் மூடி முடியும்வரை நின்றார்கள். பட்டாளம் திரும்பி வந்து சடலங்களைத் தேடிப் பிடித்துவிடுமோ என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. அப்பா சொன்னபடி ஆட்கள் பைன், ஓக் மரக்கிளைகளை வெட்டிக் கொண்டுவந்து புதைத்த இடத்தின் மேல் பரப்பினார்கள். பார்ப்பவர்களுக்கு அது வெறும் சுள்ளிக் குவியலாகத் தெரிந்தது. தங்கள் வீரர்களைப் புதைத்த இடத்தையே ஒளித்து வைக்க வேண்டிய நிலை அன்று அந்த ஊருக்கு. 1835இல்தான் அந்த எலும்புகள் எடுக்கப்பட்டு ஊர்த்திடலின் நினைவுத் தூணருகே முறையாக அடக்கம் செய்யப்பட்டன.

போர் 1783வரை நீண்டது.  

கிளார்க் பாதிரியார் 1805இல் காலமானார். அதன்பின் குருமனை மெல்ல மெல்லச் சாதாரண வீடாக ஆனது. இரண்டாம் பகுதி இங்கிருந்து தொடங்குகிறது. ஆனால் அது லெக்சிங்டனில் தொடங்கவில்லை. பாஸ்டனில், கல் வீட்டில் தொடங்குகிறது.

ஜான் ஹான்காக் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் முதல் கவர்னராக இருந்து 1793இல் இறந்தார். பிள்ளைகள் இருவரும் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். மாளிகை உறவினர்கள் கைக்கு மாறியது. பக்கத்திலேயே மாநிலச் சட்டமன்றக் கட்டடம் எழுந்ததால் நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. 1859இல் மாநில அரசே மாளிகையை வாங்கிக் கவர்னர் இல்லமாக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. நிறைவேறவில்லை. 1863இல் வாரிசுகள் நிலத்தை விற்றார்கள். அப்போது மாளிகையைக் காக்க விரும்பியவர்கள் நகர மக்களைத் தட்டியெழுப்பத் துண்டறிக்கை அச்சிட்டுக் கொடுத்தார்கள். பேசினார்கள். எழுதினார்கள். பயன் இல்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். விடுதலைப் பிரகடனத்தில் முதல் கையெழுத்திட்ட மனிதரின் கருங்கல் மாளிகை அந்த ஆண்டே இடிக்கப்பட்டது.

யார் தவறு? வாரிசுகள் தங்கள் சொத்தை விற்றார்கள். அது அவர்கள் உரிமை. அரசு பணத்தைக் கணக்குப் பார்த்தது. எந்த அரசும் அதைச் செய்யும். உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது. கூக்குரல் எழுப்பியவர்கள் தனித்தனி ஆட்களாக இருந்தார்கள். பணம் திரட்டவும் பத்திரத்தில் கையெழுத்திடவும் வீட்டைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டு ஆண்டுதோறும் பராமரிக்கவும் ஓர் அமைப்பு இருக்கவில்லை. வர்ஜீனியாவில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீடு 1858இல் தப்பியது எப்படி? ஆன் பமிலா கன்னிங்ஹாம் என்னும் பெண்மணி ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சங்கத்தைத் தொடங்கி, மாநிலம் மாநிலமாகப் பெண்களைத் திரட்டி, விலையைக் கொடுத்து வாங்கியதால் தப்பியது. பாஸ்டனில் அப்படி ஒரு சங்கம் இல்லை. ஆகவே மாளிகையும் இல்லை.

பாஸ்டன் மாளிகையைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. இடிக்கும் முன்பு, ஜான் ஹப்பர்டு ஸ்டர்ஜிஸ் என்னும் கட்டடக் கலைஞர் உள்ளே போய், அறை அறையாக அளந்து, வரைபடங்களாக வரைந்து வைத்தார். அமெரிக்காவில் ஒரு பழைய கட்டடத்தை இப்படி முறையாக அளந்து வரைந்ததில் மிகத் தொடக்ககால முயற்சி அது. அந்த மாளிகையின் வடிவத்தை ஒட்டி 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் மாசசூசெட்ஸ் கூடம் எழுந்தது. நியூயார்க் மாநிலத்தின் டைகொண்டெரோகா ஊரில் 1920களில் அதன் நகலையே கட்டினார்கள். இன்று அந்த நகலில் இருப்பது அந்த ஊரின் வரலாற்றுக் கழகம். பீக்கன் குன்றில் மிஞ்சியிருப்பதோ ஒரு நினைவுப் பலகை.

இந்த இழப்பு நியூ இங்கிலாந்து மக்கள் மனத்தில் ஆறாமல் இருந்தது. 1886இல் லெக்சிங்டன் மக்கள் ஒரு வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினார்கள். அரசு ஆணை எதுவும் இல்லை. ஊர்க்காரர்களே உறுப்பினர்கள், அவர்கள் கொடுத்த சந்தாவே முதல். கட்டுரை படிப்பார்கள், முதியவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதுவார்கள். இப்படிப் பத்தாண்டுகள் ஓடின. 1896இல் சோதனை வந்தது. குருமனை இடிக்கப்படும் நிலைக்கு வந்துவிட்டது. கட்டடம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், நிலம் கிடைக்காது என்பதே கழகத்தின் முன் இருந்த நிலை.

நிலம் இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கழகத்தார் நிதி திரட்டினார்கள். தெருவின் எதிர்ப்புறம் ஒரு மனையைப் பிடித்தார்கள். வீட்டைப் பெயர்த்துத் தெருவைக் கடந்து அங்கே கொண்டுபோனார்கள்! சென்னையில் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டால் ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்துவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மரச்சட்டக வீட்டைப் பெயர்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பழக்கமான தொழில். திருகு ஜாக்கிகளால் சட்டகத்தை அடித்தளத்திலிருந்து தூக்குவார்கள். அடியில் நீண்ட கட்டைகளைக் கொடுத்து, உருளைகளின் மேல் ஏற்றி, அங்குலம் அங்குலமாக இழுப்பார்கள். மரம் கூடவே வரும். ஆனால் கல் அடித்தளமும் நிலவறையும் வரமுடியாது.

வீடு தப்பியது. ஆனால் இடம் போய்விட்டது. இது சிறிய இழப்பா? ரிவியர் குதிரையை நிறுத்திய வாசல் எது என்று கேட்டால், தெருவின் எதிர்ப்பக்கத்தைக் காட்ட வேண்டியிருந்தது. ஊர்த்திடல் எந்தப் பக்கம், வெயில் எந்த அறையில் விழும் என்பதெல்லாம் மாறிப்போயின. பழைய வீடு என்பது தூணும் பலகையும் மட்டும் இல்லை. அது நிற்கும் மண்ணும் சேர்ந்ததே வீடு. 1896இல் கழகத்தார் செய்தது முழுமையான காப்பு ஆகாது. ஆனால் அன்று அவர்கள் கைக்கு எட்டியது அதுவே. முழுமையாகக் கிடைக்காவிட்டால் வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தால் பாஸ்டன் மாளிகையின் கதியே இதற்கும் வந்திருக்கும்.

தெருவின் எதிர்ப்புறத்தில் வீடு அருங்காட்சியகமாக முக்கால் நூற்றாண்டு நின்றது. 1971இல் நாட்டு அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. இதற்கிடையே கழகத்தார் பழைய மனையை மறக்கவில்லை. அப்பாக்கள் தொடங்கியதை மகன்கள் விட்டாலும் பேரப்பிள்ளைகள் எடுத்தார்கள். அந்த மனை கடைசியில் கழகத்தின் கைக்கு வந்தது. 1974இல் அதே வீடு அதே தெருவை இரண்டாம் முறை கடந்து தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. 78 ஆண்டுகள் கழித்து! மறு ஆண்டு, 1975 ஏப்ரல் 19 அன்று, லெக்சிங்டன் போரின் 200ஆம் ஆண்டு விழாவுக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபோர்டு வந்தபோது வீடு தன் சொந்த மண்ணில் நின்றது.

வேலை அத்தோடு முடிந்ததா? மர வீட்டில் வேலை முடிவதே இல்லை. ஈரம் ஏறும், பலகை உளுக்கும், கூரை ஒழுகும். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாயில் மீண்டும் பெரிய அளவில் செப்பனிட வேண்டியிருந்தது. இந்தக் காலத்தில் வீட்டின் வயதைப் பற்றிய பழைய நம்பிக்கை ஒன்றும் மாறியது.

பின்பகுதியிலுள்ள தாழ்வான சிறு கட்டே மூல வீடு என்றும், ஆயர் ஹான்காக் ஊருக்கு வந்த 1698இலேயே அது கட்டப்பட்டது என்றும், பணக்கார மகன் பின்னாளில் முன்பகுதியைச் சேர்த்துக் கொடுத்தார் என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். கேட்க நன்றாக இருக்கும் கதை. சிறியது பழையது, பெரியது புதியது என்று யாருக்கும் தோன்றும். மரத்தைக் கேட்டபோது அது வேறு பதில் சொன்னது.

மரத்தைக் கேட்பது எப்படி? மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலமாக இருக்கும், வறண்ட ஆண்டில் ஒடுங்கும். ஒரே வட்டாரத்தில் வளர்ந்த மரங்கள் எல்லாம் ஒரே வரிசையில் அகலமும் ஒடுக்கமுமாக வளையங்களைப் போட்டிருக்கும். உத்தரத்தில் பென்சில் பருமனுக்கு ஒரு துளையிட்டு, குச்சி போன்ற துண்டை உருவியெடுத்து, வளையங்களை அளந்து, வட்டார மரங்களின் நீண்ட வரிசையோடு பொருத்திப் பார்ப்பார்கள். பட்டைக்கு அடியிலுள்ள கடைசி வளையம் இருந்துவிட்டால், அந்த மரம் எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். அக்காலத் தச்சர்கள் மரத்தைக் காயவைத்துக் காத்திருக்க மாட்டார்கள்; பச்சையாகவே இழைத்து ஏற்றிவிடுவார்கள். ஆகவே மரம் வெட்டிய காலமே ஏறக்குறைய வீடு கட்டிய காலம். இந்தச் சோதனையில் முன்பகுதியும் பின்பகுதியும் ஒரே காலத்தவை, 1737ஐ ஒட்டியவை என்று தெரிந்தது.

வீட்டின் வயது 39 ஆண்டு குறைந்துவிட்டது. சொந்த ஊர்ப்பெருமையில் கைவைக்கும் முடிவு இது. கழகம் என்ன செய்தது? அறிவிப்பிலும் வழிகாட்டியிலும் 1698ஐ எடுத்துவிட்டு 1737ஐ எழுதியது. வரலாற்றுக் கழகம் என்ற பெயருக்குத் தகுதி இங்கேதான் தெரிகிறது. பழமையைப் பெருக்கிக் காட்டுவது எளிது. சான்று வந்ததும் குறைத்துச் சொல்வதற்கு நேர்மை வேண்டும்.

அதே நேர்மை வேறொன்றிலும் தேவைப்பட்டது. விடுதலைக்குத் தொட்டில் என்று புகழப்பட்ட ஊர் லெக்சிங்டன். அந்த ஊரில் அடிமைகளும் இருந்தார்கள். ஆயர் ஹான்காக்கின் குடும்பத்திலேயே அடிமை உழைப்பு இருந்தது. 1775 ஏப்ரல் 19 காலையில் ஊர்த்திடலில் நின்று குண்டடிபட்டவர்களில் பிரின்ஸ் எஸ்டாபுரூக் என்பவர் ஒரு கறுப்பின அடிமை. தன் சொந்த விடுதலை இல்லாத மனிதர் ஊரின் விடுதலைக்குக் காயம்பட்டார். மாசசூசெட்ஸில் அடிமை முறை நீதிமன்றத் தீர்ப்புகளால் வேரறுக்கப்பட்டது 1783வாக்கில்தான். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு ஹான்காக்கும் ஆடம்சும் படுத்த அறையைக் காட்டியிருப்பார்கள். அடுப்பெரித்தவர் யார் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது சொல்கிறார்கள். வீடு மாறவில்லை, வீட்டைப் பற்றிய கேள்விகள் மாறியிருக்கின்றன.

இந்த ஒரு வீட்டைக் காப்பாற்றிய கை இன்னும் இரண்டு கட்டடங்களையும் காத்தது. ஊர்ப்படையினர் விடியும்வரை காத்திருந்த பக்மன் விடுதியை 1913இல் ஊர் வாங்கியது. அதைக் காட்சிக்குத் திறந்து நடத்தும் பொறுப்பைக் கழகம் ஏற்றது. குருமனை வாசலில் காவல் நின்ற அதே வில்லியம் மன்றோவின் விடுதி 1911இல் உயிலின் வழியாகக் கழகத்துக்கு வந்தது. ஏப்ரல் 19 பிற்பகலில் பின்வாங்கி வந்த பட்டாளம் தன் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்ட இடம் அது. 1789இல் வாஷிங்டன் விருந்துண்ட இடமும் அதுவே. ஒன்றை ஒழுங்காகக் காத்தவர்களை நம்பித்தான் மற்றவற்றை ஊரார் ஒப்படைத்தார்கள்.

அவையோரே, இன்றும் எங்கோ ஓர் ஊரில் ஒரு பழைய வீடு இடிபடக் காத்திருக்கும். எல்லா வீட்டையும் வாங்க முடியாது. எல்லா வீட்டையும் பெயர்த்து வைக்கவும் முடியாது. ஆனால் ஸ்டர்ஜிஸ் 1863இல் செய்ததைச் செய்ய அதிகப் பணம் வேண்டியதில்லை. ஓர் அளவு நாடாவும் தாளும் பென்சிலும் போதும். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், உரியவரிடம் அனுமதி கேட்டு உள்ளே போங்கள். தூணையும் முற்றத்தையும் வாசலையும் அளந்து வரையுங்கள். கட்டியவர் யார், எந்த ஆண்டு, யார் யார் குடியிருந்தார்கள், யார் அங்கே வேலை செய்தார்கள் என்று வீட்டு முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எழுதியதன் ஒரு படியை ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.